டி. கே. சிதம்பரநாத முதலியார்

டி. கே. சிதம்பரநாத முதலியார் (1882 - பிப்ரவரி 16, 1954) தமிழறிஞர், வழக்கறிஞர், இலக்கியத் திறனாய்வாளர். டி.கே.சி. என்ற பெயராலும் ரசிகமணி என்ற சிறப்புப் பெயராலும் பரவலாக அறியப்படுகிறார். சட்டம் பயின்று வழக்கறிஞரான இவர், சென்னை மாகாணச் சட்ட மேலவை உறுப்பினராகவும், இந்து சமய அறநிலைய வாரியத்தின் ஆணையர்களுள் ஒருவராகவும் பணியாற்றினார். கம்பராமாயணத்தைப் பொதுமக்களிடம் கொண்டு சேர்த்தவர்களுள் இவர் முக்கியமானவர். தென்காசியில் வளர்ந்த இவர், தம் இறுதிக் காலத்தைக் குற்றாலத்தில் கழித்தார்.

பிறப்பும் கல்வியும்

டி.கே.சி. 1882 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் ஸ்ரீவில்லிபுத்தூரில் பிறந்தார். தந்தை பெயர் தீத்தாரப்ப முதலியார். இவர்களது குடும்பத்தின் ஊர் தென்காசி. அன்று தென்காசி திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. 2019 நவம்பரில்தான் அது தனி மாவட்டமானது.

பதினைந்தாம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் கட்டிய காசி விசுவநாதர் கோயில் தென்காசியின் அடையாளமாகும். இன்று காணப்படும் உயர்ந்த இராசகோபுரம் டி.கே.சி. பார்த்ததன்று. அவர் காலத்தில் பழைய கோபுரம் சிதைந்து கிடந்தது. அது மீண்டும் கட்டப்பட்டு 1990 இல் குடமுழுக்கு நடைபெற்றது. பிற்காலத்தில் கோயில் நிருவாகம் தொடர்பான அரசுப் பணியை ஏற்ற ஒருவர், சிதைந்த கோபுரத்தின் அருகில் வளர்ந்தவர் என்பது இங்கு நினைக்கத்தக்கது.

உயர்கல்வியைச் சென்னை கிறித்தவக் கல்லூரியில் பெற்றார். பின்னர் சட்டம் பயின்று பி.எல். பட்டம் பெற்றார். இவருடைய துணைவியார் பிச்சம்மாள்.

வழக்கறிஞர் பணி

டி.கே.சி. திருநெல்வேலியில் வழக்கறிஞராகப் பதிவு செய்துகொண்டார். ஆங்கிலக் கல்வி பெற்ற குடும்பத்து இளைஞர்கள் பலருக்கு அக்காலத்தில் சட்டமே இயல்பான அடுத்த படியாக இருந்தது. ஆயினும் நீதிமன்றத் தொழிலில் இவருக்குப் பெரிய நாட்டம் ஏற்படவில்லை. வருவாயைவிட இலக்கியத்துக்கே நேரம் கொடுத்தார்.

சட்டம் கற்றுத் தமிழுக்கு வந்தவர் அவ்வட்டாரத்தில் இவர் ஒருவர் மட்டும் அல்லர். பிற்காலத்தில் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியின் பதிப்பாசிரியரான எஸ். வையாபுரிப் பிள்ளையும் (1891 - 1956) திருவனந்தபுரத்திலும் திருநெல்வேலியிலும் வழக்கறிஞராக இருந்தவரே. இவ்விருவரும் தமிழ் நூல்களை அணுகிய முறை முற்றிலும் வேறுபட்டது. அவ்வேறுபாடு கீழே விளக்கப்படுகிறது.

சட்ட மேலவையும் அறநிலைய வாரியமும்

1927 இல் டி.கே.சி. சென்னை மாகாணச் சட்ட மேலவையின் உறுப்பினரானார். இரட்டை ஆட்சி முறை நடைபெற்ற அக்காலத்தில் மாகாணத்துக்கு மேலவை மட்டுமே இருந்தது. கீழவை 1937 இல்தான் ஏற்பட்டது. ஆகவே மேலவை என்ற பெயரைக் கொண்டு அதனைப் பிற்கால இரண்டாம் அவையாகக் கருதுதல் கூடாது.

1930 முதல் 1935 வரை இந்து சமய அறநிலைய வாரியத்தின் ஆணையராகப் பணியாற்றினார். இப்பதவி குறித்து ஒரு விளக்கம் தேவை. இன்று தமிழ்நாட்டில் ஆணையர் என்றால் இந்து சமய அறநிலையத் துறையின் தலைமை அலுவலர் ஆவார். டி.கே.சி. காலத்தில் நிலை அவ்வாறு இல்லை. நீதிக்கட்சி ஆட்சியில் நிறைவேறிய அறநிலையச் சட்டம் எதிர்ப்புக்கு உள்ளாகி, அதற்கு மாற்றாக 1927 ஆம் ஆண்டின் இரண்டாம் சட்டம் இயற்றப்பட்டது. அச்சட்டப்படி மாகாண அரசு நியமிக்கும் ஒரு தலைவரும் சில ஆணையர்களும் சேர்ந்ததே வாரியம். டி.கே.சி. அவ்வாணையர்களுள் ஒருவர்.

வாரியத்தின் பணி வெறும் மேற்பார்வை அன்று. அது பாதி நீதிமன்றம் போலவும் இயங்கியது. ஓர் ஆலயம் பொதுக்கோயிலா, தனியார் உடைமையா என்ற வழக்கை முதலில் வாரியமே விசாரித்து முடிவு செய்தது. அம்முடிவை ஏற்காதவர் மாவட்ட நீதிமன்றத்தை அணுகலாம். நிருவாகம் சீர்கெட்ட கோயில்களுக்கு நிருவாகத் திட்டம் வகுக்கும் அதிகாரமும் வாரியத்துக்கு இருந்தது. அறங்காவலர், கோயில் பணியாளருக்குத் தண்டம் விதித்தாலோ பணியிலிருந்து நீக்கினாலோ, பணியாளர் மேல்முறையீடு செய்யவும் சட்டம் வழிசெய்தது. பூசை, மேளம், மடைப்பள்ளி, காவல் போன்ற ஊழியங்கள் பல இடங்களில் தலைமுறை தலைமுறையாக ஒரே குடும்பத்தாரிடம் இருந்தன. ஊழியத்துக்கு ஈடாக மானிய நிலமும் விடப்பட்டிருந்தது. எனவே பணி நீக்கம் என்பது ஒருவருடைய வேலை போவதோடு முடியாது. ஒரு குடும்பத்தின் நிலமும் ஊரில் அதற்கிருந்த இடமும் அதனுடன் சேர்ந்து போகும். அரசின் சார்பில் இத்தகைய பூசல்களில் முடிவு சொல்லும் அமைப்பில்தான் டி.கே.சி. ஐந்து ஆண்டுகள் இருந்தார். கட்சிக்காரருக்காக வாதாடும் தொழிலில் மனம் ஒட்டாத ஒருவர், இரு தரப்பையும் கேட்டுத் தீர்மானிக்கும் பணியை ஏற்றார்.

இவ்வாரிய முறை 1951 ஆம் ஆண்டுச் சட்டத்தால் முடிவுக்கு வந்து, அதனிடத்தில் அரசுத் துறை ஏற்பட்டது. அச்சட்டத்தின் சில பிரிவுகள் அரசியலமைப்புக்கு முரணானவை என்று உச்ச நீதிமன்றம் சிரூர் மடம் வழக்கில் 1954 மார்ச்சில் தீர்ப்பளித்தது. டி.கே.சி. அதற்கு முந்தைய மாதம் காலமாகிவிட்டார். தமிழ்நாட்டில் இப்போது நடைமுறையில் உள்ளது 1959 ஆம் ஆண்டுச் சட்டமாகும்.

வட்டத்தொட்டி

திருநெல்வேலி வண்ணாரப்பேட்டையில் டி.கே.சி.யின் வீட்டில் நண்பர்கள் கூடி இலக்கியம் பேசிய அவையே வட்டத்தொட்டி எனப்படுகிறது. தொட்டி என்பது தென்மாவட்டப் பழைய வீடுகளில் நடுவே வானம் பார்த்த முற்றத்தைச் சுற்றி அமைந்த கூடத்தைக் குறிக்கும். இவ்வவைக்கு உறுப்பினர் கட்டணம், விதிமுறை, தீர்மானம் எதுவும் இல்லை. ஒரு பாடலை எடுத்துக்கொண்டு, டி.கே.சி. அதனைப் பலமுறை ஓசையுடன் படித்துக் காட்டி அதன் நயத்தை விளக்குவார்.

பிற்காலத்தில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியான எஸ். மகராஜன், அரசு அலுவலராகப் பணியாற்றிக் கோயில் கலை குறித்து எழுதிய தொ. மு. பாஸ்கரத் தொண்டைமான், பேராசிரியர் அ. சீனிவாசராகவன் முதலியோர் இவரோடு நெருங்கிப் பழகியவர்கள். பல்கலைக்கழகத் தமிழ்த்துறைக்கு வெளியே, வேறு தொழில் செய்பவர்களும் இலக்கியத்தில் பயிற்சி பெற முடியும் என்பதற்கு வட்டத்தொட்டி எடுத்துக்காட்டாகும்.

கம்பனும் கருத்து வேறுபாடும்

டி.கே.சி.யின் வாழ்நாள் ஈடுபாடு கம்பராமாயணம் ஆகும். 1939 இல் சா. கணேசன் காரைக்குடியில் கம்பன் கழகத்தைத் தொடங்கிய காலத்தில் அதற்கு இவர் துணை நின்றார். 1941 இல் தொடங்கப்பட்ட கல்கி இதழில் கம்பன் பாடல்களை விளக்கி எழுதினார்.

அச்சில் வழங்கும் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட பாடல்களுள் ஒரு பகுதியையே கம்பன் பாடியவையாக டி.கே.சி. ஏற்றார். ஏனையவை பிறரால் இடையில் சேர்க்கப்பட்டவை என்பது அவர் கருத்து. ஓசை, உணர்ச்சி, சொல் ஆகியவை ஒன்றி நிற்கின்றனவா என்பதே அவர் கொண்ட அளவுகோல். பொருந்தவில்லை என்று பட்ட சொற்களை அவர் மாற்றியும் அமைத்தார்.

இதனை அறிஞர் பலர் ஏற்கவில்லை. வையாபுரிப் பிள்ளை போன்ற பதிப்பாசிரியர்கள் பல ஓலைச்சுவடிகளை ஒப்பிட்டு, பாட வேறுபாடுகளைக் குறித்து, சான்று காட்டியே ஒரு பாடத்தை ஏற்கவோ தள்ளவோ செய்தனர். அம்முறையில் ஒருவர் எடுத்த முடிவை மற்றவர் சரிபார்க்க முடியும். டி.கே.சி.யின் முறையில் அது இயலாது. சான்றின் இன்றியமையாமையைச் சட்டம் கற்பிக்கிறது. அதனைக் கற்ற இருவருள் ஒருவர் சுவடியையும் மற்றவர் தம் செவியையும் சாட்சியாகக் கொண்டனர். இன்று ஆய்வுப் பதிப்புக்கு டி.கே.சி.யின் பாடங்கள் அடிப்படையாகக் கொள்ளப்படுவதில்லை. எனினும், உரைகளுக்கு அஞ்சிக் கம்பனை ஒதுக்கியிருந்த பலர் நூலைத் திறந்ததற்கு அவருடைய பேச்சும் எழுத்தும் காரணமாயின. இவ்விரண்டையும் சேர்த்தே அவரது பங்களிப்பை மதிப்பிட வேண்டும்.

பிற தமிழ்ப் பணிகள்

கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையின் கவிதைகளைத் தமிழ்நாடெங்கும் அறியச் செய்ததில் டி.கே.சி.க்குப் பங்குண்டு. இராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் முன்னின்று நடத்திய தமிழிசை இயக்கத்தைக் கல்கி கிருஷ்ணமூர்த்தியுடன் சேர்ந்து ஆதரித்தார். பாடுபவருக்கும் கேட்பவருக்கும் பொருள் விளங்கும் மொழியில் பாட்டு அமைய வேண்டும் என்பது அவர் நிலைப்பாடு. பள்ளி, கல்லூரிகளில் தாய்மொழி வழியே கற்பிக்க வேண்டும் என்றும் வலியுறுத்தினார். நண்பர்களுக்கு எழுதிய கடிதங்கள் பின்னர் நூலாக வெளிவந்து, தமிழ்க் கடித இலக்கியத்தில் சிறப்பிடம் பெற்றுள்ளன.

குற்றால வாழ்க்கை

அரசுப் பணிக்குப் பின் டி.கே.சி. குற்றாலத்தில் குடியேறினார். தென்காசியிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில், மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில், சிற்றாறு அருவியாக விழும் இடம் குற்றாலம். தென்மேற்குப் பருவமழை மலையைத் தாண்டிச் சாரலாக விழும் ஜூன் முதல் ஆகஸ்ட் வரையான காலமே அங்குச் சாரல் காலம். அக்காலத்தில் அருவிக்கு வருவோர் டி.கே.சி.யின் வீட்டுக்கும் வந்தனர். இராஜாஜி, கல்கி ஆகியோர் அவ்விருந்தினருள் அடங்குவர். அப்போது இளைஞர்களாயிருந்த கு. அழகிரிசாமி, கி. ராஜநாராயணன் ஆகியோரும் அவரிடம் வந்து பழகினர். வந்தவர்களுக்கு உணவும் கவிதையும் குறைவின்றிக் கிடைத்தன. வட்டத்தொட்டி குற்றாலத்திலும் தொடர்ந்தது எனலாம்.

மறைவு

டி.கே.சி. 1954 ஆம் ஆண்டு பிப்ரவரி 16 ஆம் நாள் காலமானார்.

எழுதிய நூல்களுள் சில

இதய ஒலி
கம்பர் யார்?
அற்புத ரஸம்
முத்தொள்ளாயிரம் (விளக்கவுரை)