இன்ஜின் சூட்டைக் காட்ட மீட்டரே இல்லை... 36 நிமிடத்தில் கடலைத் தாண்டிய லூயி பிளேரியோ! யார் இவர்?

இன்று சொந்தமாக விமானம் கட்டுபவர்கள் இன்ஜினைப் பொருத்தியதும் செய்யும் முக்கியமான வேலை, சூட்டை அளக்கும் சென்சார்களை மாட்டுவது. ஆனா 1909-ல் ஒரு மனுஷன் அப்படி எந்த மீட்டரும் இல்லாமல், அடிக்கடி சூடாகி நின்றுபோகும் இன்ஜினை நம்பி கடலுக்கு மேல் பறந்தார். அவர்தான் பிரான்ஸைச் சேர்ந்த லூயி பிளேரியோ.

யார் இந்த பிளேரியோ?

1872 ஜூலை 1-ம் தேதி, வடக்கு பிரான்ஸின் காம்ப்ரே நகரில் பிறந்தார். பாரிஸில் இன்ஜினியரிங் படித்தார். அப்போதுதான் கார்கள் தெருவுக்கு வரத் தொடங்கியிருந்தன. கார்களுக்கான அசிட்டிலீன் ஹெட்லைட்டைத் தயாரித்து விற்று நல்ல காசு பார்த்தார்.

அந்தக் காசெல்லாம் எங்கே போனது? விமானத்துக்குத்தான். 1900-களின் தொடக்கத்திலிருந்து ஒன்று மாற்றி ஒன்றாகச் செய்துகொண்டே இருந்தார். சிலது தரையை விட்டே கிளம்பவில்லை. சிலது கிளம்பிய வேகத்தில் விழுந்து நொறுங்கின. விபத்துகளில் உயிர் தப்பியதே பெரிய விஷயம். கையிருப்பு கரைந்து, கடைசியில் குடும்பமே கடன் விளிம்பில் நின்றது.

அந்த நேரத்தில் வந்ததுதான் பதினோராவது விமானமான 'பிளேரியோ XI'. முதன்முதலில் பறந்தது 1909 ஜனவரியில்.

பிரச்னை எங்கே இருந்தது?

இன்ஜினில்தான். இந்த விமானத்தில் அவர் மாட்டியது மூன்று சிலிண்டர் கொண்ட, சுமார் 25 குதிரைத்திறன் அன்சானி இன்ஜின். ரேடியேட்டர், தண்ணீர் எதுவும் கிடையாது. எதிரே வீசும் காற்றுதான் அதைக் குளிர்விக்க வேண்டும். எடை குறைவு என்பது லாபம். ஆனா கொஞ்ச நேரம் தொடர்ந்து ஓடினாலே சூடேறி சக்தி குறைந்துவிடும்.

அந்தச் சூட்டை பிளேரியோ தன் காலிலேயே அனுபவித்தார். 1909 ஜூலை தொடக்கத்தில் டூவே நகரில் பறந்தபோது, புகைக்குழாயைச் சுற்றியிருந்த கல்நார் உறை நடுவானில் கழன்றது. ஷூ கருகி கால் வெந்தது. அப்பவும் அவர் இறங்கவில்லை, இன்ஜின் நிற்கும்வரை ஓட்டினார்.

போட்டி என்ன?

இங்கிலீஷ் கால்வாயை விமானத்தில் முதலில் கடப்பவருக்கு 1,000 பவுண்ட் பரிசு என்று லண்டனின் டெய்லி மெயில் பத்திரிகை அறிவித்திருந்தது. ஜூலை 19-ம் தேதி ஹூபர்ட் லாத்தம் என்ற போட்டியாளர் முந்திக்கொண்டு கிளம்பினார். பாதி வழியில் இன்ஜின் நின்று கடலில் இறங்கினார். உயிர் தப்பியவர், அடுத்த விமானத்தோடு மறுபடியும் தயாரானார்.

அந்த 36 நிமிடங்கள்

ஜூலை 25, அதிகாலை 4.41. காயம் ஆறாத காலோடு கலே நகருக்குப் பக்கத்திலிருந்து பிளேரியோ கிளம்பினார். திசைகாட்டி இல்லை. இன்ஜின் சூடு காட்டும் மீட்டரும் இல்லை. சத்தத்தில் வரும் மாற்றத்தைக் கேட்டுத்தான் இன்ஜினின் நிலையைத் தெரிந்துகொள்ள வேண்டும். மனைவி ஆலிஸ், துணைக்கு வந்த போர்க்கப்பலில் இருந்தார். விமானம் கப்பலைத் தாண்டிப் போனது. அடுத்த பத்து நிமிடம் எந்தக் கரையும் கண்ணுக்குத் தெரியவில்லை.

வழியில் பெய்த மழைதான் இன்ஜினைக் குளிர்வித்துக் காப்பாற்றியது என்று ஒரு கதை இன்றுவரை சொல்லப்படுகிறது. எப்படியோ, 36 நிமிடம் 30 விநாடியில் டோவர் கோட்டை அருகே தரை தொட்டார். பலத்த காற்றில் சக்கரமும் புரொப்பல்லரும் உடைந்தன. ஆனா வரலாறு எழுதப்பட்டுவிட்டது.

இன்று என்ன செய்கிறார்கள்?

பிளேரியோ காதால் கேட்டதை, இன்று கம்பிகள் சொல்கின்றன. வீட்டில் கட்டும் விமானங்களில் ஒவ்வொரு சிலிண்டர் தலையிலும், புகைக்குழாயிலும் தெர்மோகப்பிள் மாட்டுகிறார்கள். இரண்டு வெவ்வேறு உலோகக் கம்பிகளை ஒரு முனையில் இணைத்து அந்த முனையைச் சூடாக்கினால், மறுமுனையில் மிகச் சிறிய மின்னழுத்தம் கிடைக்கும். 1821-ல் ஜெபெக் என்ற விஞ்ஞானி கண்ட விளைவு இது. அந்த மின்னழுத்தத்தைத்தான் மீட்டர் டிகிரியாக மாற்றிக் காட்டுகிறது.

இதில் ஒரு விஷயம் ரொம்ப முக்கியம். சென்சாரிலிருந்து மீட்டர் வரை அதே உலோக வகைக் கம்பிதான் போக வேண்டும். நடுவில் சாதாரண செம்புக் கம்பியை ஒட்டுப் போட்டால் அளவு தப்பாகக் காட்டும். இன்ஜின் கொதிக்கும்போது மீட்டர் எல்லாம் சரி என்று சொன்னால், மீட்டர் இல்லாததைவிட அது ஆபத்து.

எல்லா சிலிண்டரிலும் ஏன் மாட்ட வேண்டும்? காற்று எல்லாவற்றுக்கும் ஒரே அளவில் போய்ச் சேராது. மற்றவை சாதாரணமாக இருக்க, ஒன்று மட்டும் எரிந்துகொண்டிருக்கும்.

அதன் பிறகு பிளேரியோ?

கால்வாயைக் கடந்ததுமே ஆர்டர்கள் குவிந்தன. கடன் கவலை தீர்ந்தது. முதல் உலகப்போர் தொடங்கும் முன் நூற்றுக்கணக்கான விமானங்களைத் தயாரித்தார். போரில் புகழ்பெற்ற 'ஸ்பாட்' போர் விமானங்களும் அவருடைய நிறுவனத்தில் உருவானவைதான்.

1927-ல் அட்லாண்டிக்கைத் தனியாகத் தாண்டி பாரிஸ் வந்த லிண்ட்பெர்க்கை பிளேரியோ நேரில் வரவேற்றார். லிண்ட்பெர்க் பறந்தது சுமார் 33 மணி நேரம். அவர் முன்னால் இருந்த பலகையில் எண்ணெய்ச் சூட்டைக் காட்டும் மீட்டரும் இருந்தது. 18 வருடத்தில் விமானம் அவ்வளவு தூரம் வந்துவிட்டது.

1936 ஆகஸ்ட் 1-ம் தேதி, 64 வயதில் பிளேரியோ பாரிஸில் காலமானார். கால்வாயைத் தாண்டிய அந்த விமானம் இன்றும் பாரிஸ் அருங்காட்சியகத்தில் தொங்குகிறது. அதே மாடலை ஆர்வலர்கள் இன்னமும் தங்கள் கையாலேயே கட்டிப் பறக்கிறார்கள்.