ஓவிய மன்னர் இரவிவர்மா

கும்பகோணத்தை அடுத்த தாராசுரத்தில் இரண்டாம் இராசராச சோழன் எடுப்பித்த ஐராவதேசுவரர் கோயில் உள்ளது. அதன் சுவர்ப்புறத்தே நாயன்மார் வரலாறுகள் சிறு சிறு சிற்பங்களாகச் செதுக்கப்பெற்றுள்ளன. ஏடு படிக்க அறியாதாரும் அவற்றைக் கண்டு அடியார் பெருமையை உணரலாம். ஆயினும், அவற்றைக் காண விரும்புவோர் கோயிலை நாடிச் செல்லுதல் வேண்டும். முற்காலத்தில் கோயிலுக்குள் நுழையும் உரிமையே மறுக்கப்பட்டோர் பலர். பொன்தகடு ஒட்டித் தீட்டிய தஞ்சை ஓவியங்களோ பெரும்பாலும் செல்வர் மனைகளிலேயே விளங்கின. ஏழையின் குடிலுக்கும் ஓவியம் செல்ல வழிகண்டோருள் தலைசிறந்தவர் இரவிவர்மா ஆவார்.

இரவிவர்மா திருவிதாங்கூர் நாட்டுக் கிளிமானூரில் 1848-ஆம் ஆண்டு ஏப்ரல் 29-ஆம் நாள் பிறந்தார். இளமையிலேயே அவர் கரித்துண்டு கொண்டு சுவர்களில் விலங்குகளையும் மனிதர்களையும் வரைந்தார். ஏவலர் சினந்தனர், ஆனால், தாய்மாமனாகிய இராசராசவர்மா அக்கோடுகளில் ஒளிந்திருந்த திறமையைக் கண்டு மகிழ்ந்தார். அவர் தாமும் தஞ்சை முறையில் ஓவியம் வல்லவர். மருகனுக்குத் தாமே முதலாசிரியராகி, 1862-ஆம் ஆண்டில் அவரைத் திருவனந்தபுரத்துக்கு அழைத்துச் சென்றார். ஆயில்யம் திருநாள் மன்னர் அச்சிறுவரை அன்புடன் ஆதரித்தார்.

எண்ணெய் வண்ணங்களால் தீட்டும் மேனாட்டு முறை அந்நாளில் நம் நாட்டுக்குப் புதியது. அதன் நுட்பத்தைக் கற்பிக்க எவரும் எளிதில் முன்வந்திலர். 1868-ஆம் ஆண்டில் தியோடர் ஜென்சன் என்னும் ஐரோப்பிய ஓவியர் அரண்மனைக்கு வந்தார். அவர் தீட்டும்போது அருகிருந்து பார்க்க மட்டுமே இரவிவர்மாவுக்கு வாய்ப்புக் கிட்டியது. கண்டதை நெஞ்சில் பதித்துக்கொண்டு, தாமே பன்முறை முயன்று, பிழைத்த இடங்களைத் திருத்தித் திருத்தி அக்கலையைத் தமதாக்கிக்கொண்டார். 1873-ஆம் ஆண்டில், கூந்தலில் மலர்சூடும் நாயர் மங்கையை அவர் தீட்டிய ஓவியம் சென்னைக் கண்காட்சியில் ஆளுநரின் பொற்பதக்கம் பெற்றது. வியன்னா நகரக் கண்காட்சியிலும் அது பரிசு பெற்றது. அதன்பின் பரோடா மன்னர் விருப்பப்படி இராமாயண, பாரதக் காட்சிகளைப் பதினான்கு ஓவியங்களாகத் தீட்டினார். அவை பம்பாயில் வைக்கப்பட்டபோது காண வந்த மக்கள் கூட்டம் கடல்போற் பெருகியது.

அரசர்தம் மாளிகையில் தொங்கும் ஓவியத்தை மக்கள் எத்தனை நாள் காண இயலும்? இவ்வினாவுக்கு விடை கூறியவர் நம் கும்பகோணத்தில் தோன்றி, திருவிதாங்கூரிலும் பரோடாவிலும் திவானாக விளங்கிய சர் டி. மாதவராவ் ஆவார். ஓவியங்களை அச்சிட்டுப் பரப்பினால் நாட்டுக்கு நலமாகும் என்று 1884-ஆம் ஆண்டில் அவர் இரவிவர்மாவுக்கு எழுதினார். பத்தாண்டுகள் கழித்து, 1894-ஆம் ஆண்டில், அவ்வெண்ணம் பம்பாயில் ஓர் அச்சுக்கூடமாக உருப்பெற்றது.

கீழ்த்திசையில் இத்தகைய முயற்சி புதியதன்று. ஜப்பான் நாட்டில் அதற்கு நூறாண்டுகளுக்கு முன்பே ஓவியர் வரைய, தச்சர் செர்ரி மரப்பலகையில் செதுக்க, அச்சர் வண்ணத்துக்கு ஒரு பலகையாக மையிட்டுத் தாளில் ஒற்றினர். ஹொகுசாய், ஹிரோஷிகே ஆகியோர் படைத்த மலையும் அலையும் மழையும் இவ்வாறு எளிய விலைக்கு நகர மக்களின் கைக்கு வந்தன. இரவிவர்மாவின் அச்சுக்கூடத்தில் பலகைக்கு மாறாகச் சுண்ணாம்புக்கல் பயன்பட்டது. கொழுப்புச் சேர்ந்த மையால் கல்லில் வரைந்து, கல்லை நீரால் நனைத்து, அச்சு மையை உருட்டுவர். வரைந்த இடம் மட்டும் மையை ஏற்கும். நனைந்த இடம் மையை விலக்கும். ஒவ்வொரு வண்ணத்துக்கும் ஒவ்வொரு கல் வேண்டும். ஒரு மயிரிழை விலகினும் படம் கெடும். ஆதலின் செருமானியத் தொழில் வல்லுநர் அங்கு அமர்த்தப்பட்டனர்.

தாமரைமேல் நிற்கும் திருமகளும், வீணை ஏந்திய கலைமகளும், சகுந்தலையும் தமயந்தியும் அச்சுக்கூடத்தினின்று நாடெங்கும் புறப்பட்டனர். தமிழகத்தில் மகளிர் சிலர் அப்படங்களின்மேல் சரிகையும் சம்கியும் தைத்து, கண்ணாடிச் சட்டமிட்டு மாட்டினர். திருவிதாங்கூரில் கோயிற் கதவுகள் எல்லார்க்கும் திறக்கப்பட்டது 1936-ஆம் ஆண்டில்தான். அதற்குப் பல்லாண்டுகள் முன்னரே, கோயிலுக்குப் புறத்தே நிறுத்தப்பட்டவரும் தம் வீட்டுச் சுவரில் தெய்வத் திருவுருவைக் கண்டு கைகூப்பினர். ஒரு தாள் படம் செய்த இப்பணி சிறிதோ?

புகழ் வளர்ந்ததேயன்றிப் பொருள் வளர்ந்திலது. பம்பாயில் பரவிய கொள்ளைநோயால் தொழில் தளர்ந்தது, கடன் பெருகியது. அச்சுக்கூடம் லோணாவாலாவை அடுத்த மளவலிக்கு மாற்றப்பட்டது. இறுதியில் இரவிவர்மா அதனைச் செருமானியராகிய ஷ்லைகர் என்பாருக்கு விற்றுவிட்டார். தம் வலக்கைபோல் உதவிய இளவல் இராசராசவர்மா 1905-ஆம் ஆண்டில் மறைந்தார். அத்துயரும் நோயும் வாட்ட, இரவிவர்மா 1906-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் உலக வாழ்வை நீத்தார்.

அவர் ஓவியங்களில் மேனாட்டுச் சாயல் மிகுதி என்று குறை கூறுவாரும் உளர். அச்சுப்படம் மூல ஓவியத்துக்கு ஈடாகாது என்பதும் உண்மையே. எனினும், ஊற்று நீரை அடைய இயலாதார்க்கு வாய்க்கால் நீரும் உயிர் காப்பதன்றோ? காவிரி ஒன்றேயாயினும், வாய்க்கால்கள் பலவாகப் பிரிந்து ஓடுவதாலேயே வயல்கள் விளைகின்றன.

மாணவர்களே! உங்கள் வீட்டில் பழைய படம் ஒன்று இருப்பின், அதனை வெயிலும் ஈரமும் படாத சுவரில் மாட்டிக் காப்பாற்றுங்கள். அரண்மனையில் பிறந்த ஒருவர் ஏழையின் இல்லத்தையும் நினைந்து உழைத்த வரலாறு அதில் அடங்கியிருத்தல் கூடும். கலையை ஆக்குதல் பெருமை. அதனை அனைவர்க்கும் உரியதாக்குதல் அதனினும் பெருமை.