கணக்குக் கேட்ட தஞ்சைத் தமிழர்

எண்ணெய் விலை பற்றிப் பேச நாட்டிலே ஆளுக்குப் பஞ்சமில்லை. மின்சாரக் கொள்கை, டாலரின் மதிப்பு, உலகச் சந்தை என்று அடுக்கடுக்காக எடுத்துரைக்கும் நிபுணர்கள் மாநாட்டு மேடைகளிலே நிரம்பவே இருக்கிறார்கள். பேச்சு முடிகிறது, கைதட்டல் எழுகிறது, கூட்டம் கலைகிறது. காரைக்கால் பகுதியிலே, குரும்பகரத்திலே, வாய்க்காலில் தண்ணீர் வருமா என்று பார்த்து நிற்கும் உழவனுக்கு அந்தப் பேச்சிலே பங்கு உண்டா? டீசல் விலை ஏறியதால் உழவுக்கான டிராக்டர் வாடகையும் ஏறிவிட்டதே என்று ஏங்கும் குத்தகைக்காரனுக்கு அதிலே விடை உண்டா? அவன் பக்கம் நின்று, உலகத்தின் எரிபொருள் கணக்கைப் புரட்டிப் பார்த்துச் சொன்ன நிபுணர் எவரேனும் நம்மிடையே இருந்தாரா?

இருந்தார், தோழர்களே! தூர தேசத்தவரல்லர். குரும்பகரத்துக்குப் பாயும் அதே காவிரி, கடலை நெருங்குமுன் நனைத்துவரும் தஞ்சையிலே பிறந்தவர். ஜே. சி. குமரப்பா என்பது அவர் பெயர்.

1892ஆம் ஆண்டு ஜனவரி 4ஆம் நாள் அவர் பிறந்தார். ஜோசப் செல்லத்துரை கார்னீலியஸ் என்பது பெற்றோர் இட்ட பெயர். தந்தையார் வெள்ளையர் ஆட்சியிலே பொதுப்பணித் துறை உத்தியோகஸ்தர். கிறிஸ்தவக் குடும்பம், வசதியான குடும்பம். மகன் சீமைக்குச் சென்று கணக்குத் தணிக்கைப் படிப்பு படித்தார், இலண்டனிலேயே வேலையும் பார்த்தார். முதல் உலகப் போர் முடிந்தபின் திரும்பி, பம்பாயிலே சொந்தமாகத் தணிக்கை நிலையம் நடத்தினார். கோட்டும் சூட்டும், கை நிறையப் பணமும், பெரிய கம்பெனிகளின் நட்பும் சேர்ந்த வாழ்வு அது. அந்த வாழ்விலேயே அவர் நின்றிருந்தால் நாம் இன்று அவரைப் பற்றி எழுத வேண்டிய அவசியமே இராது.

1927இலே அமெரிக்கா சென்றார். சிராக்யூஸ் பல்கலைக் கழகத்திலே வாணிபம் படித்துவிட்டு, நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக் கழகத்திலே பொது நிதி படிக்கலானார். அங்கே ஒரு மாதா கோவில் கூட்டத்திலே இந்தியா ஏன் ஏழையாயிருக்கிறது என்று பேசினார். பத்திரிகையிலே செய்தி வந்தது. அதைப் பார்த்த பேராசிரியர் செலிக்மன், அந்தக் கேள்வியையே ஆராய்ச்சியாகச் செய் என்று பணித்தார். தணிக்கைக்காரர் பென்சிலைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தார். வெள்ளைச் சர்க்காரின் வரவு செலவை வரிவரியாகப் பார்த்தார். யாரிடம் வரி வாங்குகிறார்கள், யாருக்காகச் செலவழிக்கிறார்கள்? உழவனிடம் வாங்கிப் பட்டாளத்துக்கும் பரங்கி உத்தியோகஸ்தனுக்கும் கொடுக்கிறார்கள் என்பதைக் கண்டார். போதித்தவனின் நாகரிகத்திலே ஊறிய கார்னீலியஸ் அந்தக் கணக்கினாலேயே மாறினார். குடும்பத்தின் பழைய பெயரான குமரப்பாவை எடுத்துச் சூடிக்கொண்டார்.

1929 மே மாதத்திலே, அந்த ஆராய்ச்சியைக் காட்டச் சபர்மதி சென்று காந்தியாரைச் சந்தித்தார். காந்தியார் அதைத் தமது பத்திரிகையிலே தொடர்ந்து வெளியிட்டார். குஜராத்தின் கிராமங்களை ஆராயும் வேலையையும் அவரிடம் ஒப்படைத்தார். மாதர் தாலூக்காவிலே 50க்கு மேற்பட்ட ஊர்களின் நிலம், கடன், கால்நடை, வருமானம் யாவும் வீடு வீடாகக் கேட்டு எழுதப்பட்டன. பொருளாதாரம் பேச வந்தவர் முதலிலே கேட்கக் கற்றுக்கொண்டார்! நாம் கவனிக்க வேண்டியது இதைத்தான்.

1931இலே கராச்சி காங்கிரசுக்குப் பிறகு, இந்தியாவின் தலையிலே ஏற்றப்பட்ட கடனை ஆராயக் குழு ஒன்று அமைந்தது. அதன் அமைப்பாளர் குமரப்பா. நம்மை அடக்க நடத்திய போருக்கும் நம் பெயரிலேயே கடன் எழுதிய அக்கிரமத்தை அந்தக் குழு அம்பலப்படுத்தியது. சிறை அவருக்குப் பழகிப் போயிற்று. 1934இலே பீகாரைப் பூகம்பம் குலைத்தபோது நிவாரண நிதியின் கணக்கு அவர் கையிலே இருந்தது. காந்தியாரின் பரிவாரத்துக்கான சாப்பாட்டுச் செலவையும் மோட்டாருக்கான பெட்ரோல் செலவையும் அந்த நிதியிலிருந்து தர முடியாதென்று மறுத்துவிட்டார். ஏழைக்கு வந்த பணத்திலே தலைவருக்கும் பங்கில்லை. அதுதான் அவர் நேர்மை.

அதே ஆண்டின் இறுதியிலே அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கம் வார்தாவிலே பிறந்தது. குமரப்பா அதன் செயலாளரானார். மண்ணெண்ணெய் வாங்கக் கப்பல் வழியே காசு வெளியே போகிறதே என்று, தாவர எண்ணெயிலே எரியும் மகன் தீபம் என்ற விளக்கை அங்கே உருவாக்கினார்கள். விளக்கு சிறியது, அதன் பின்னே இருந்த கேள்வி பெரியது. நம் வீட்டு வெளிச்சத்தின் திறவுகோல் யார் கையிலே இருக்கிறது?

இரண்டாம் உலகப் போர் வந்தது. நம் தானியத்தையும் துணியையும் வெள்ளையர் ஆட்சி அள்ளிச் சென்றது. விலையாக இலண்டனிலே பவுன் கணக்கிலே பற்று எழுதியது. இங்கே நோட்டை அச்சடித்துத் தள்ளியது. பொருள் குறைந்து நோட்டுப் பெருகினால் விலை ஏறாமல் என்ன செய்யும்? ரொட்டி கேட்டவனுக்குக் கல்லைத் தருகிற செயல் இதென்று குமரப்பா 1942இலே எழுதினார். சிறைக்கதவு மறுபடி திறந்தது. அடுத்த ஆண்டு வங்கத்திலே பஞ்சம் வந்து இலட்சக்கணக்கானோர் மாண்டனர். போர் முடிந்தபோது இலண்டனிலே நம் பெயரில் எழுதிக் கிடந்த பற்று 100 கோடிப் பவுனுக்கும் மேல்! பசித்தவன் வயிற்றிலே வைத்த கடன் அது.

ஜபல்பூர் சிறையிலே இருந்தபோது அவர் எழுதி 1945இலே வெளிவந்த நூல்தான் நிலைத்த பொருளாதாரம். அதன் சாரத்தை நம் ஊர் வழக்கிலே சொல்வோம். இயற்கை தரும் செல்வம் இரு வகை. ஒன்று ஓடும் வரவு: ஆற்று நீர், வெயில், காற்று, ஆண்டுதோறும் துளிர்க்கும் காடு, மாட்டின் உழைப்பு. மற்றொன்று தேங்கிய முதல்: நிலக்கரி, பெட்ரோல், உலோகம். வரவிலே வாழும் குடும்பம் நிலைக்கும். முதலைத் தின்னும் குடும்பம் எத்தனை ஆடம்பரமாக இருந்தாலும் ஒருநாள் தெருவுக்கு வரும். அதோடு முடியவில்லை. தேங்கிய முதல் சில இடங்களிலேதான் கிடக்கிறது. ஆகவே அதற்குப் போட்டி, போட்டிக்குப் பட்டாளம், பட்டாளத்துக்குக் கப்பற்படை, அதற்கு வரி. கடையிலே மலிவாகக் கிடைக்கும் எண்ணெயின் உண்மை விலையிலே, அதைக் காக்கச் சிந்திய இரத்தமும் சேர்ந்திருக்கிறது. தணிக்கைக்காரர் எழுதிய கணக்கு இது.

விடுதலைக்குப் பின்னும் அவர் அடங்கிப் போகவில்லை. காங்கிரசு அமைத்த நிலச் சீர்திருத்தக் குழுவின் தலைவராக இருந்து, 1949இலே அறிக்கை தந்தார். இடைத்தரகர் ஒழிய வேண்டும், உழுபவனுக்கே நிலம் சேர வேண்டும், நில உடைமைக்கு உச்சவரம்பு வேண்டும் என்றது அறிக்கை. ஆண்டவர்கள் அதை அலமாரியிலே வைத்தார்கள். 1951இலே சீனத்தையும் 1952இலே சோவியத்து நாட்டையும் நேரிலே கண்டார். டிராக்டர் எண்ணெய் குடிக்கும், சாணம் போடாது என்பதைச் சொல்லிச் சொல்லித் திட்டக்காரர்களின் கேலிக்கு ஆளானார். கடைசி ஆண்டுகளை மதுரைப் பக்கத்திலே, தே. கல்லுப்பட்டியிலே கழித்தார். மணம் செய்துகொள்ளாமலே வாழ்ந்த அந்த மனிதர் 1960 ஜனவரி 30ஆம் நாள், காந்தியார் கொலையுண்ட அதே தேதியிலே, மறைந்தார்.

மறைந்த 13 ஆண்டுகளிலே அவர் கணக்கு சரியென்று உலகம் ஒப்புக்கொள்ள நேர்ந்தது. 1973இலே அரபு நாடுகளின் போரையொட்டி எண்ணெய் விலை சில மாதங்களிலே ஏறக்குறைய நான்கு மடங்கானது. 1990இலே ஈராக் குவைத்துக்குள் நுழைந்தது. எண்ணெய்ச் செலவு எகிறியது. 1991இலே நம் நாட்டின் தங்கத்தை அடகு வைக்க நேர்ந்தது. 2022இலே உக்ரைன் போர். அதே ஆண்டு, காரைக்கால் கடலுக்கு அக்கரையிலே இலங்கையில், டாலர் கையிருப்பு தீர்ந்து, பெட்ரோலுக்காக மக்கள் நாட்கணக்கிலே வரிசையில் நின்றார்கள். இந்தியா தனக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் 100க்கு 80 பங்குக்கு மேல் வெளியிலிருந்தே வாங்குகிறது. எங்கோ வெடிக்கும் குண்டு, குரும்பகரத்துப் பம்புசெட்டின் செலவிலே வந்து விழுகிறது!

அப்படியானால் மின்விளக்கை அணைத்துவிட்டு மாட்டுவண்டிக்குத் திரும்புவோமா என்று ஆலைத் தொழிலாளத் தோழர் கேட்பார். நியாயமான கேள்வி. குமரப்பா சொன்ன ஒவ்வொன்றையும் நாம் ஏற்க வேண்டியதில்லை. இயந்திரம் தொழிலாளியின் முதுகு வலியைக் குறைத்திருக்கிறது. அதை அவர் போதிய அளவு எண்ணிப் பார்க்கவில்லை என்பது நம் எண்ணம். ஆனால் மின்சாரம் போன்ற பொதுத் தேவைகளைப் பொதுமக்களின் உடைமையாகச் சர்க்கார் நடத்தலாம் என்பதை அவரும் ஒப்பினார். அவர் காலத்திலே கைக்கு வராத வெயில் மின்சாரமும் காற்று மின்சாரமும் இன்று வந்துவிட்டன. அவையும் ஓடும் வரவுதானே! வேண்டியது விளக்கை அணைப்பதன்று. எதை எரிக்கிறோம், யார் பெயரிலே எரிக்கிறோம் என்ற கணக்கு.

இனி நம் மண்ணைப் பாருங்கள். காரைக்கால் கடைமடை. 2007இலே நடுவர் மன்றம் புதுவைக்கு ஒதுக்கி, 2018இலே உச்ச நீதிமன்றமும் மாற்றாத காவிரிப் பங்கு 7 டி.எம்.சி. அது ஓடும் வரவு. காலடியிலே எரிவாயு, அதைக் கொண்டு திருமலைராயன்பட்டினத்திலே 32.5 மெகாவாட் மின் நிலையம் 2000ஆம் ஆண்டு எழுந்தது. வாஞ்சூர்க் கடற்கரையிலே 2009 முதல் துறைமுகம். அங்கே வந்து இறங்கும் சரக்கிலே முதன்மையானது நிலக்கரி. இவை தேங்கிய முதல். தமிழ்நாடு 2020இலே டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கச் சட்டம் செய்தது. அச்சட்டத்தின் எல்லை தமிழ்நாட்டோடு முடிகிறது. ஒன்றியப் பகுதியான காரைக்காலின் வயல், வரப்பு அடுத்தடுத்து இருந்தாலும், அதற்குள் வாராது.

ஆகவே தோழர்களே, நிபுணர் மேடையேறும்போது நாம் எழுந்து நின்று கேட்க வேண்டியவை உண்டு. பூமிக்குள்ளே இருப்பு எவ்வளவு? எத்தனை ஆண்டுக்கு வரும்? அது தீர்ந்தபின் நிலத்தடி நீர் எப்படியிருக்கும்? இலாபம் யாருக்கு, நட்டம் யார் தலையிலே? பதில் சொல்பவரை வரவேற்போம், பாராட்டுவோம். மழுப்புகிறவரை விடாமல் மறுபடியும் கேட்போம். படித்தவனுக்குத்தான் அந்த உரிமை என்று எவரும் சொல்லிவிட முடியாது. வரவையும் முதலையும் பிரித்துப் பார்க்கும் படிப்பு, விதைநெல்லைத் தின்னக்கூடாதென்று அறிந்த ஒவ்வோர் உழவன் வீட்டிலும் இருக்கிறது.