கிளாட் பெர்னார்

பிரெஞ்சு தேசத்தில் ஸேன் ஜூலியன் என்னும் சிற்றூரில், திராட்சைத் தோட்டத்தால் ஜீவித்த குடும்பமொன்றில், 1813-ஆம் வருஷம் ஜூலை மாதம் 12-ஆம் தேதி கிளாட் பெர்னார் பிறந்தார். லியோனில் மருந்துக்கடையொன்றில் தொழில் பழகிய காலத்தில் நாடகம் இயற்றும் ஆசை அவரைப் பற்றிக்கொண்டது. ஐந்து அங்கங்கள் கொண்ட நாடகமொன்றைச் சுமந்து 1834-இல் பாரிஸ் சேர்ந்தார். அதைப் பார்வையிட்ட விமரிசகர் ஜிரார்தேன், வைத்தியம் கற்கும்படி புத்தி கூறினார். நாடகமேடைக்கு இதனால் பெரு நஷ்டம் நேர்ந்ததென்று நாம் நினைக்கவில்லை.

மஜாந்தி என்னும் பேராசிரியரிடம் பயின்ற அவர் கைக்கு, 1844-இல் குராரே வந்தது. தென்னமெரிக்க ஆதிக்குடிகள் அம்புமுனையில் தோய்க்கும் விஷம் அது. தைத்த பிராணி துடிப்பின்றிச் சாய்ந்து, மூச்சு நின்று மடியும். அது வலியற்ற மரணமென்றே பலரும் எண்ணினர்.

பெர்னார் ஒரு தவளையின் பின்னங்கால் ஒன்றில் நரம்பை மட்டும் விட்டு, இரத்த ஓட்டத்தைக் கட்டினார். பிறகு முதுகில் விஷத்தை ஏற்றினார். உடல் முழுதும் தளர்ந்தது. விஷமேறிய தோலைக் கிள்ளியபோதோ, விஷம் எட்டாத அந்தக் கால் உதைத்தது! உணர்ச்சி தண்டுவடத்தை அடைகிறது, மறுமொழியும் புறப்படுகிறது. நரம்பு தசையோடு கூடுமிடத்தில்தான் தடை. தசையை நேரே மின்சாரத்தால் தூண்டினால் அது சுருங்கவே செய்தது.

நமது தாடையும் இவ்விதிக்குட்பட்டதே. வாயைச் சிறிது திறந்து மோவாயில் தட்டினால் தாடை தானே மூட முயலும். குராரே நன்கு ஏறியவனிடம் இந்த அனிச்சைச் செயல் தோன்றாது; தட்டிய செய்தி மூளைத்தண்டுக்குப் போயும், கட்டளை தசையில் ஏறுவதில்லை. இமை, தாடை, குரல்வளை ஆகியவற்றின் சிறு தசைகள் முந்தித் தளரும், கைகால்கள் பின்னர், மூச்சை நடத்தும் உதரவிதானம் கடைசியில். ஆகவே அலற வேண்டிய வாயே முதலில் அடைபடுகிறது.

அசையாப் பிராணி உணர்வற்றதன்று என்பதைப் பெர்னார் 1864-இல் வெளியிட்ட கட்டுரையில் மறைக்காமல் எழுதினார். எனினும் உயிர்ச்சோதனைகளை அவர் விடவில்லை. அவற்றை வெறுத்த மனைவி இறுதியில் அவரைப் பிரிந்தார். அம்மாதரசியின் மனக்கொதிப்பை அற்பமெனத் தள்ள நமக்கு இயலவில்லை.

1878-இல் பெர்னார் காலமானபோது அரசாங்கமே இறுதிச்சடங்கை நடத்தியது. பிரான்ஸில் விஞ்ஞானி எவருக்கும் அதற்குமுன் அம்மரியாதை கிட்டியதில்லை.

1942-இல் மான்ட்ரியாலில் கிரிஃபித் என்னும் மருத்துவர், மயக்கமூட்டப்பட்ட நோயாளிக்குக் குராரே மருந்தைச் செலுத்தி, சஸ்திர சிகிச்சைக்கு வேண்டிய தசைத் தளர்ச்சியைப் பெற்றார். மருந்து அறிவையும் மழுக்குமோ என்ற ஐயம் அப்போதும் சிலருக்கு இருந்தது. அமெரிக்காவில் ஸ்மித் என்னும் மருத்துவர் மயக்கமருந்தின்றித் தம் உடலிலேயே அதை ஏற்றச் செய்தார். முடிவு 1947-இல் வெளியாயிற்று. பிறர் செயற்கையாக மூச்சூட்ட, பேச்சற்று அசைவற்றுக் கிடந்த நேரம் முழுதும் அவருக்கு நினைவு தப்பவில்லை, வலியும் தெரிந்தது.