ஜி.டி. நாயுடுவும் மூன்றாம் வகுப்பு ஏ.ஐ. பாடமும்

நியூஜெர்சியில் ஐசலினில் இருந்து காரில் கொஞ்ச தூரம் போனால் ஒரு கோபுரம் வரும். 131 அடி உயரம், உச்சியில் பெரிய கண்ணாடி பல்பு. தாமஸ் எடிசன் 1876-ல் தன் ஆய்வுக்கூடத்தை அமைத்த மென்லோ பார்க் அதுதான். கோபுரம் 1938-ல் திறக்கப்பட்டது. அந்த ஊருக்கே பின்னாளில் எடிசன் என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஓக் ட்ரீ ரோட்டுக்கு இட்லி அரிசி வாங்க வரும் நம்மவர்களில் பலர் பிள்ளைகளுக்கு அந்தக் கோபுரத்தை ஒரு தடவையாவது காட்டியிருப்போம்.

போன சனிக்கிழமை எட்டு வயது மகளை ரோபோட்டிக்ஸ் வகுப்பில் விட்டுவிட்டு வெளியே காரில் உட்கார்ந்திருந்தேன். கோயம்புத்தூரில் இருந்து அக்கா போன். அவளுடைய பையன் மூன்றாம் வகுப்புக்குப் போகிறான். செயற்கை நுண்ணறிவும் கணினிச் சிந்தனையும் 2026-27 கல்வியாண்டு முதல் மூன்றாம் வகுப்பிலிருந்தே பாடமாக வரும் என்று மத்திய கல்வி அமைச்சகம் 2025 அக்டோபரில் அறிவித்தது. அதற்காக ஆன்லைன் கோடிங் வகுப்பில் சேர்க்கச் சொல்லி தினமும் அவளுக்கு விளம்பரம் வருகிறதாம். பணத்தைக் கட்டலாமா வேண்டாமா என்று தம்பி இன்ஜினியரிடம் கேட்கிறாள்.

தம்பி இன்ஜினியருக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அன்றிரவு எனக்கு நினைவுக்கு வந்தவர் எடிசன் இல்லை. நம்ம ஊர் ஆள். அக்கா வீட்டுக்குப் போகும் வழியில் இருக்கிற மேம்பாலத்துக்கு இப்போது அவர் பெயர்தான். கோபாலசாமி துரைசாமி நாயுடு, சுருக்கமாக ஜி.டி. நாயுடு.

கோவை மாவட்டம் கலங்கல் கிராமத்தில் 1893 மார்ச் 23 அன்று பிறந்தவர். பள்ளிக்கூடம் அவருக்கு ஒத்துவரவில்லை. வகுப்பில் உட்கார முடியாமல் வாத்தியார்களோடு மல்லுக்கட்டி, சீக்கிரமே படிப்பை விட்டுவிட்டார். ஒருநாள் ஒரு வெள்ளைக்கார அதிகாரி ரட்ஜ் மோட்டார் சைக்கிளில் வருவதைப் பார்த்தார். மாடும் இழுக்காமல், ஆளும் தள்ளாமல் ஒரு வண்டி எப்படி ஓடுகிறது என்ற கேள்வி அவரை விடவில்லை. கோயம்புத்தூருக்குப் போய் ஓட்டலில் சர்வர் வேலை பார்த்து, காசு சேர்த்து அந்த வண்டியையே விலைக்கு வாங்கினார். வாங்கியவர் முதலில் செய்தது அதை ஓட்டியது அல்ல. அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றிப் போட்டுவிட்டு, திரும்ப மாட்டினார்.

கோவைப் பக்கம் இந்தக் கதையைச் சொல்லாத பாட்டி தாத்தா கிடையாது. பெரும்பாலும் அவர்கள் இதோடு நிறுத்திவிடுவார்கள். பிறகு நடந்ததையும் பார்க்க வேண்டும்.

1920-ல் ஸ்டேன்ஸ் துரை என்று கோவை அறிந்த ராபர்ட் ஸ்டேன்ஸின் உதவியோடு ஒரு பஸ் வாங்கி, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஓட்டினார். அந்த ஒற்றை பஸ்தான் யு.எம்.எஸ். என்ற யுனிவர்சல் மோட்டார் சர்வீஸாக வளர்ந்தது. பஸ் ரிப்பேரானால் உதிரிபாகம் சீமையிலிருந்து வரும்வரை காத்திருக்க முடியாது. அதனால் பட்டறை வந்தது. பட்டறையில் வேலை செய்யப் பையன்கள் வந்தார்கள். 1937-ல் பீளமேட்டில் இருந்த நாயுடுவின் நேஷனல் எலெக்ட்ரிக் ஒர்க்ஸ், இந்தியாவில் தயாரான முதல் மின்மோட்டாரை வெளிக்கொண்டு வந்தது. அதில் அவரோடு உழைத்தவர் டி. பாலசுந்தரம். இவர்தான் பின்னாளில் டெக்ஸ்டூல் நிறுவனத்தை உருவாக்கினார்.

ஒரு மோட்டார் செய்ததில் என்ன பெரிய விஷயம் என்று கேட்கலாம். கொங்கு நாட்டில் கிணறு ஆழம், மழை கம்மி. மாடு கட்டி ஏற்றம் இறைத்த காட்டில் மோட்டார் வந்ததும் விவசாயமே வேறாகிவிட்டது. இன்றைக்குக் கோவை பம்ப்செட் ஊராகவும் கிரைண்டர் ஊராகவும் இருக்கிறது என்றால், அந்தச் சங்கிலியின் முதல் கண்ணிகளில் ஒன்று பீளமேட்டுப் பட்டறை.

மோட்டாரோடு அவர் நிற்கவில்லை. டார்ச் லைட்டுக்குப் போடும் பேட்டரியிலேயே ஓடும் மின்சார ஷேவிங் ரேசர், மெல்லிய பிளேடு, பழச்சாறு பிழியும் கருவி, மண்ணெண்ணெயில் ஓடும் ஃபேன், தில்லுமுல்லு செய்ய முடியாத ஓட்டுப்பதிவு இயந்திரம் என்று பட்டியல் நீளும். சாதாரண ஜனங்கள் ரேடியோவை எட்டி நின்று வேடிக்கை பார்த்த 1941-ல், ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குத் தர முடியும் என்று அறிவித்தார். 1952-ல் இரண்டு பேர் உட்காரும் பெட்ரோல் காரை 2,000 ரூபாய் விலையில் உருவாக்கினார். அரசு உரிமம் கொடுக்கவில்லை. கார் அதோடு நின்றுபோனது.

இவ்வளவும் செய்த மனிதர், 1944 கடைசியில் நேரடித் தொழிலிலிருந்து ஒதுங்கிக் கல்வி பக்கம் திரும்பினார். பள்ளிக்கூடத்தை விட்டு ஓடிய பையன் கல்லூரி கட்ட வந்தது வேடிக்கைதான். 1945-ல் அவர் கொடையில் கோவையில் ஒரு பாலிடெக்னிக்கும் பொறியியல் கல்லூரியும் தொடங்கின. அன்றைய சென்னை மாகாண கவர்னர் ஆர்தர் ஹோப்பின் பெயரை வைத்தார்கள். அவினாசி ரோட்டில் பஸ் கண்டக்டர்கள் இன்றைக்கும் ஹோப் காலேஜ் என்று கூவுகிறார்களே, அது அந்தப் பெயரின் மிச்சம். கல்லூரி பிறகு தடாகம் ரோட்டுக்கு மாறி, இப்போது அரசு தொழில்நுட்பக் கல்லூரி, அதாவது ஜி.சி.டி. என்று இருக்கிறது.

அங்கே கல்லூரித் தலைமைப் பொறுப்பில் இருந்த நாயுடு ஒரு பெரிய சண்டை போட்டார். பொறியியல் படிக்க நான்கு வருஷம் வீண், ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்தால் இரண்டு வருஷமே போதும் என்பது அவர் கட்சி. பையன்கள் எந்திரத்தோடு இருக்க வேண்டிய நேரத்தைக் காகிதத்தோடு கழிக்கிறார்கள் என்று நினைத்தார். அரசு ஒப்புக்கொள்ளவில்லை. பதவியை விட்டு விலகிவிட்டார். 1974 ஜனவரி 4-ல் இறக்கும்வரை அந்தக் கருத்தை அவர் மாற்றிக்கொண்டதாகத் தெரியவில்லை. அவர் சேர்த்த எந்திரங்களை அவினாசி ரோட்டுக் கண்காட்சியில் இன்றும் பார்க்கலாம்.

அவர் சொன்னது முழுக்கச் சரியா? எனக்கு இரண்டு மனசு.

நான் படித்தது எலெக்ட்ரிகல் இன்ஜினியரிங். கல்லூரியின் பெயர் வேண்டாம். ஒற்றைக் கட்ட மோட்டார் ஏன் தானாகச் சுற்ற ஆரம்பிக்காது என்பது 16 மார்க் கேள்வி. படம் போட்டு, சமன்பாடு எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். ஆனால் நான்கு வருஷத்தில் ஒரு மோட்டாரைக் கூட நான் கழற்றியது கிடையாது. சீனியரின் ரெக்கார்டு நோட்டைப் பார்த்து எழுதி, ரீடிங்கைச் சரிக்கட்டி, கையெழுத்து வாங்கி, அப்படியே ஐ.டி. வேலை, விசா, ஐசலின். அந்த நான்கு வருஷத்தைப் பற்றி நாயுடு சொன்னது எனக்குப் பொருந்தும்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. பள்ளியை விட்டு ஓடியவர்கள் எல்லோரும் நாயுடு ஆவதில்லை. ஓடிய லட்சக்கணக்கான பையன்கள் சர்வராகவே இருந்து சர்வராகவே செத்தார்கள். அவர்களுக்கு மேம்பாலம் கிடையாது. தவிர, மோட்டார் சைக்கிளைக் கழற்றினால் பிஸ்டன் தெரியும், செயினும் தெரியும். ஒரு ஏ.ஐ. செயலியைத் திறந்து பார்த்தால் உள்ளே ஒன்றும் கண்ணுக்குத் தெரியாது. இருப்பதெல்லாம் எண்கள். அந்த எண்களைப் புரிந்துகொள்ள விகிதம் தெரிய வேண்டும், நிகழ்தகவு தெரிய வேண்டும், வரைபடம் படிக்க வேண்டும். அதற்கு வருஷக்கணக்கில் பொறுமையான கணக்குப் பாடம் வேண்டும். இரண்டு வருஷக் குறுக்குவழி இங்கே செல்லாது.

அப்படியானால் நாயுடுவிடம் எடுத்துக்கொள்ள வேண்டியது என்ன? கால அளவை அல்ல, வரிசையை. முதலில் கை, பிறகு கேள்வி, அதற்குப் பிறகு பாடம்.

நம் பள்ளிகளில் இது தலைகீழாக நடந்த வரலாறு இருக்கிறது. 1984-85-லேயே கிளாஸ் என்ற திட்டத்தில் ஏறக்குறைய 250 பள்ளிகளுக்கு பி.பி.சி. மைக்ரோ கம்ப்யூட்டர்கள் வந்தன. கம்ப்யூட்டர் நமக்குப் புதுசு இல்லை. ஆனால் எங்கள் தலைமுறைக்குக் கம்ப்யூட்டர் ரூம் என்றால் என்ன ஞாபகம் வருகிறது? வாசலில் செருப்பைக் கழற்றணும், வாரத்துக்கு ஒரு பீரியட், ஒரு மெஷினுக்கு நாலு பேர், எதையும் தொடக்கூடாது. சாமி சன்னதி மாதிரிதான் இருந்தது.

இப்போது நிலைமை மாறிவருகிறது, மறுக்கவில்லை. சி.பி.எஸ்.இ. 2019-20-லேயே ஒன்பதாம் வகுப்பில் ஏ.ஐ.யை விருப்பப் பாடமாகக் கொண்டுவந்தது. மத்திய அரசின் அடல் டிங்கரிங் லேப் 10,000 பள்ளிகளில் இருக்கிறது. இன்னும் 50,000 லேப் வரும் என்று 2025 பட்ஜெட்டில் சொன்னார்கள். கேரளா 2025-26-ல் பத்தாம் வகுப்பு மாணவர்கள் எல்லோருக்கும் ரோபோட்டிக்ஸைக் கட்டாயமாக்கியது. தமிழ்நாட்டிலும் அரசுப் பள்ளிகளில் 6 முதல் 9 வரை டி.என். ஸ்பார்க் என்ற பெயரில் ஏ.ஐ.யும் ரோபோட்டிக்ஸும் நுழைந்திருக்கின்றன. எல்லாம் நல்லது. லேப் பூட்டின் சாவி யாரிடம் இருக்கும், பொருள் உடைந்தால் டீச்சரைக் கேள்வி கேட்பார்களா என்பதில்தான் மீதிக் கதை இருக்கிறது. உடைந்தால் மெமோ வரும் என்றால் எந்த டீச்சரும் பெட்டியைத் திறக்க மாட்டார். நாயுடு அந்த மோட்டார் சைக்கிளைக் கழற்றியபோது கெட்டுப்போனால் கேட்க ஆளில்லை, அவருடைய சொந்த வண்டி. அந்தச் சுதந்திரம் அரசுப் பள்ளிக் குழந்தைக்குக் கிடைக்குமா?

மூன்றாம் வகுப்பில் திரையே வேண்டாம் என்பேன். மா இலை, கொய்யா இலை, வேப்பிலை என்று ஒரு குவியல் போதும். ஒரு குழந்தை மனதுக்குள் ஒரு விதி வைத்துப் பிரிக்கட்டும், மற்றவர்கள் பார்த்தே அந்த விதியைக் கண்டுபிடிக்கட்டும். எடுத்துக்காட்டுகளிலிருந்து விதியைக் கற்பது என்பதற்கு இதைவிட எளிய பாடம் இல்லை. அப்புறம் அவர்கள் பார்க்காத ஒரு புது இலையைக் கொடுங்கள். தப்பாகச் சொல்வார்கள். எந்திரமும் அப்படித்தான் தப்பு செய்யும் என்று அந்த இடத்தில் சொன்னால் ஆயுசுக்கும் மறக்காது. ஆறாம் வகுப்பில் பேட்டரி, மோட்டார், ஸ்விட்ச், சின்னச் சின்ன நிரல். ஒன்பதுக்கு மேல் கணக்கோடு சேர்த்து உண்மையான ஏ.ஐ. இதற்குக் கோடிங் கம்பெனிக்குப் பணம் கட்டத் தேவையில்லை. அக்காவிடம் அதைத்தான் சொன்னேன்.

நாம் இங்கிருந்து என்ன செய்யலாம் என்றும் யோசிக்கணும். படித்த பள்ளிக்குப் பழைய லேப்டாப் அனுப்புகிறோம், போட்டோ எடுத்துப் போடுகிறோம். தமிழ்நாடு அரசின் நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி திட்டம் வழியாகப் பணமும் தரலாம், தப்பில்லை. அதோடு நேரமும் கொடுக்கலாம். குளிர்காலத்தில் இங்கே வெள்ளி இரவு 11 மணி என்றால் அங்கே சனிக்கிழமை காலை 9.30. மாதம் ஒரு மணி நேரம், ஒரு டீச்சரோடு வீடியோவில் உட்கார்ந்து அவருடைய சந்தேகத்தைத் தீர்த்தால் பெட்டி திறக்கும். உடைந்த பொருளை மாற்றிக்கொடுக்கச் சின்ன நிதியும் வைத்தால் அவருடைய பயமும் போகும்.

இதையெல்லாம் ஊருக்கு உபதேசிக்கும் முன் என் வீட்டில் ஒரு பரீட்சை நடந்தது. ஓக் ட்ரீ ரோட்டில் வாங்கிய, கோயம்புத்தூரில் தயாரான கிரைண்டர் ஒரு மாதமாக உறுமுகிறது, சுற்றவில்லை. தூக்கிப் போடத் தயாராக கராஜில் வைத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை மகளிடம் ஸ்குரூ டிரைவரைக் கொடுத்து உட்காரவைத்தேன். பிளக்கைக் கழற்றி வைத்து, கெப்பாசிட்டரில் மிச்ச மின்சாரம் இல்லாமல் நானே பார்த்துக்கொண்டேன். அடிமூடியைத் திறந்தாள். செம்புக் கம்பிச் சுருள், அதன் பக்கத்தில் வயிறு உப்பிய கெப்பாசிட்டர். இது எதற்கு அப்பா என்று கேட்டாள். என் 16 மார்க் பதில் அங்கே கிடந்தது. இருபது வருஷத்துக்கு முன் படமாக வரைந்ததை அன்றுதான் முதல் தடவையாகக் கண்ணால் பார்த்தேன்.

புது கெப்பாசிட்டர் ஆர்டர் போட்டிருக்கிறோம். வந்ததும் அவள்தான் மாட்டப்போகிறாள், அக்கா பையன் வீடியோவில் பார்க்கப்போகிறான். ஓடுமா ஓடாதா என்று இப்போதே இரண்டு பேருக்கும் பந்தயம்.