ஜகதீஷ் சந்திர போஸ்

சர் ஜகதீஷ் சந்திர போஸ் (நவம்பர் 30, 1858 – நவம்பர் 23, 1937) வங்காளத்தைச் சேர்ந்த இயற்பியலாளரும் தாவர உடலியலாளரும் ஆவார். தொலைவிலுள்ள மின்கலச் சுற்றொன்றைக் கம்பித் தொடர்பின்றி மின்காந்த அலையால் இயக்கிக் காட்டிய முன்னோடிகளுள் ஒருவர்.

வாழ்க்கைக் குறிப்பு

இவரது தந்தை பகவான் சந்திர போஸ் அரசு அதிகாரி; எனினும் மகனை முதலில் வங்காள மொழிப் பள்ளியிலேயே சேர்த்தார். கொல்கத்தா புனித சேவியர் கல்லூரியில் பயின்ற பின் லண்டனில் மருத்துவம் படிக்கத் தொடங்கினார். உடல்நலக் குறைவால் அதைக் கைவிட்டு, கேம்பிரிட்ஜில் இயற்கை அறிவியல் பயின்றார். 1885-இல் கொல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் ஆசிரியரானார். ஐரோப்பியரைவிட இந்தியருக்குக் குறைந்த ஊதியம் வழங்கப்பட்டதால் மூன்றாண்டுகள் ஊதியம் பெறாமலே பணியாற்றினார். முடிவில் முழு ஊதியமும் நிலுவையுடன் வழங்கப்பட்டது. 1887-இல் இவர் மணந்த அபலா, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றவர்.

மின்னலை ஆய்வுகள்

1894-இல் சிறிய அறையொன்றில், உள்ளூர்த் தகரத் தொழிலாளியின் உதவியுடன் கருவிகளைச் செய்தார். ஹெர்ட்ஸ் பயன்படுத்திய அலைகளைவிட மிகக் குறுகிய, சுமார் 5 மில்லிமீட்டர் நீள அலைகளை உருவாக்கினார். 1895-இல் கொல்கத்தாவில் பொதுமக்கள் முன்னிலையில், சுவர்களைக் கடந்து சென்ற அலையால் மணியை ஒலிக்கச் செய்து, வெடிமருந்தையும் வெடிக்கச் செய்தார்.

மணியை ஒலிக்கச் செய்த ஆற்றல் அலையிலிருந்து வந்ததன்று. ஏற்பியில் ஒன்றையொன்று மெல்லத் தொடும் எஃகுச் சுருள்கள் இருந்தன. அவற்றுக்குச் சிறு மின்னழுத்தம் தரப்பட்டிருந்தது. அலை படும்போது அவற்றின் மின்தடை குறையும். அதனால் மிகும் மின்னோட்டம் ரிலேயை இயக்கும். ரிலே மற்றொரு மின்கலச் சுற்றை இணைக்கும். அலை ஆணை மட்டுமே, ஆற்றல் மின்கலத்தினுடையது. இன்று சிறு மின்குறிப்பைக் கொண்டு டிரான்சிஸ்டர் நேர்மின்னோட்ட வழங்கியை இணைப்பதும் துண்டிப்பதும் இக்கருத்தையொட்டியதே. ஆயினும் போஸின் கருவி மின்பெருக்கி அன்று.

அக்காலத்து ஏற்பிகளில் பல, ஒருமுறை இயங்கியபின் தட்டினாலன்றிப் பழைய நிலைக்குத் திரும்பா. தானே மீளும் ஏற்பியைப் பற்றி 1899-இல் ராயல் சொசைட்டிக்குக் கட்டுரை அளித்தார். 1901-இல் மார்க்கோனி அட்லாண்டிக் கடந்த சைகையைப் பெறப் பயன்படுத்திய பாதரச ஏற்பி இதன் வழிவந்ததே எனச் சில ஆய்வாளர்கள் வாதிடுகின்றனர்.

காப்புரிமை

அறிவியலை வணிகமாக்க போஸ் விரும்பவில்லை. நண்பர்களின் வற்புறுத்தலால் விண்ணப்பித்த, கலீனா படிகத்தைப் பயன்படுத்தும் உணர்கருவிக்கு 1904-இல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. குறைகடத்திக் கருவிக்கான மிகப் பழைய காப்புரிமைகளுள் இது ஒன்று. அதிலிருந்து அவர் பொருள் ஈட்டவில்லை.

பிற்காலம்

பின்னர்த் தாவரங்களின் துலங்கலை ஆராய்ந்து, அவற்றின் வளர்ச்சியை அளக்கும் கிரெஸ்கோகிராஃப் கருவியை அமைத்தார். 1917-இல் கொல்கத்தாவில் போஸ் ஆய்வு நிறுவனத்தை நிறுவினார். 1920-இல் ராயல் சொசைட்டி உறுப்பினரானார். 1937-இல் கிரிதியில் காலமானார். இவரது மில்லிமீட்டர் அலைச் சோதனைகளை ஐஇஇஇ அமைப்பு 2012-இல் மின்பொறியியல் வரலாற்றின் மைல்கல்லாக அறிவித்தது.