கைகூப்பி நிற்கும் வெற்றி வேந்தர்

விஜயநகரப் பேரரசை 1509 முதல் 1529 வரை ஆண்ட கிருஷ்ணதேவராயர், வெற்றியனைத்தும் திருவேங்கடமுடையான் அருளியதே என்று வாழ்ந்தவர். 1514-இல் உதயகிரிக் கோட்டையைக் கைக்கொண்டு திரும்பும் வழியில் திருமலையேறி, 30,000 பொற்காசுகளால் எம்பெருமானுக்குக் கனகாபிஷேகம் செய்வித்தார்.

கலிங்கப் படையெடுப்பின்போது, கிருஷ்ணா நதிக்கரையிலுள்ள ஸ்ரீகாகுளத்தில் ஏகாதசி உபவாசமிருந்தார். அன்றிரவு ஆந்திர மகாவிஷ்ணு கனவில் தோன்றி, சூடிக்கொடுத்த நாச்சியாரின் திருக்கல்யாணத்தைத் தெலுங்கில் பாடப் பணித்ததாக மன்னரே குறித்துள்ளார். அக்கட்டளையே ஆமுக்தமால்யதா என்னும் காவியமாயிற்று. வில்லிபுத்தூர்க் கோதையின் பெருமை தெலுங்கு நாடெங்கும் பரவிற்று.

1520-இல் ராய்ச்சூர்ப் போர் மூண்டது. வெள்ளிக்கிழமை ஆகாத நாள் என்று உடனிருந்தோர் தடுக்கவே, மன்னர் சனிக்கிழமை வரை பொறுத்திருந்தார் என்று போர்த்துகீசியரான நூனிஸ் எழுதிவைத்துள்ளார். நல்ல நாளிலும் முன்னணிப் படை சிதறியது. மன்னரோ மனந்தளரவில்லை, உயிரைத் துச்சமாக மதித்துத் தாமே குதிரையேறி முன்சென்றார், வென்றார். நாள் பார்த்தவர், நாளையே நம்பி நின்றுவிடவில்லை.

1517-இல் தம் இரு தேவியரோடு தம் உருவச் சிலைகளைத் திருமலையில் நிறுவினார். மகாத்துவாரத்தைக் கடந்து உள்ளே செல்லும் அடியார்கள் இன்றும் அவற்றைக் காணலாம். வாளேந்திய கோலமன்று, இரு கரங்களையும் குவித்து நிற்கும் அடியவரின் கோலம்.